சூரியப் புயலில் பூமியின் பங்கு

2003ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் தேதியன்று சூரியனின் மேற்கு விளிம்பருகே நிகழ்ந்த சுடர்வெடிப்பு, அதனை அளப்பதற்கென்றே விண்ணில் நிறுத்தப்பட்டிருந்த எக்ஸ்-கதிர் உணரிகளின் எல்லையைக் கடந்து, அவற்றைச் சில நிமிட காலம் அளக்கும் திறனற்றவையாக்கிவிட்டது. செயற்கைக் கோள்களின் துணையால் இவ்வகை அளவீடு தொடங்கிய நாள் முதல் அதற்கு நிகரான வெடிப்பு பதிவானதில்லை. ஆயினும் அதனை அடுத்த நாட்களில் பூமியின் காந்தமானிகள் பெரும் புயல் எதனையும் காட்டவில்லை. பதினாறு நாட்கள் சென்றபின், அதே மாதம் 20ஆம் தேதி, நடுத்தர வகையைச் சார்ந்த சுடர்வெடிப்புகளோடு இரு நாட்களுக்கு முன் சூரியனைவிட்டுப் புறப்பட்டிருந்த காந்தப் புலத்தைச் சுமந்த மின்னூட்ட மேகமாகிய பொருள்வீச்சு ஒன்று வந்து சேர்ந்தபோது, பூமியின் காந்தப் புலத்தைக் குறிக்கும் உலகக் குறியீடு −422 நானோடெஸ்லா வரை தாழ்ந்து, சூரியக் களங்கங்கள் பெருகி அருகும் அந்தச் சுழற்சியிலேயே மிகப் பெரிய காந்தப் புயலாக அது நிலைபெற்றது.

இவ்விரு சம்பவங்களையும் அருகருகே வைத்து நோக்குவோர்க்கு, சூரியனில் எழும் வெடிப்பின் பரிமாணத்தைக் கொண்டு பூமியில் விளையும் விளைவின் பரிமாணத்தை அநுமானிப்பது எவ்வளவு பிழையானது என்பது தெற்றெனப் புலப்படும். புயல் என்று நாம் வழங்கும் நிகழ்ச்சியில் ஒரு பாதி சூரியனில் உற்பத்தியாகிறது என்றால், மற்றப் பாதி, அங்கிருந்து வருவதனை ஏற்கும் பூமியின் காந்த மண்டலத்திலும், அதன் பாறைகளிலும், அப்பாறைகளின்மேல் மனிதன் விரித்திருக்கும் கம்பிகளிலும் உற்பத்தியாகிறது என்பதே இக்கட்டுரையின் கருத்து. ஒரே மழை ஓர் ஏரியை நிரப்பி வயல்களை விளைவிக்க, கரை நைந்த அடுத்த ஏரியை உடைத்து ஊரை அழிப்பதைக் கண்டிருக்கும் நாம், மழையின் அளவு ஒன்றையே கொண்டு அழிவைக் கணக்கிடுவதில்லை. சூரியப் புயலின் விஷயத்தில் மட்டும் அவ்வாறு கணக்கிடும் வழக்கம் பத்திரிகைகளில் மட்டுமன்றிச் சாஸ்திர நூல்களிலும் வேரூன்றியிருக்கிறது. அவ்வழக்கத்திற்கு ஒரு சரித்திரமும் உண்டு.

சூரியனின் களங்கங்கள் ஏறத்தாழப் பத்தாண்டுக்கு ஒருமுறை பெருகியும் அருகியும் வருவதனை ஜெர்மானியரான ஷ்வாபே கண்டறிந்த சில ஆண்டுகளுக்குள், டொராண்டோ, ஹோபார்ட் முதலிய தூர தேசத்து ஆய்வுக்கூடங்களின் காந்தப் பதிவுகளை ஒப்புநோக்கிய எட்வர்ட் சாபைன், காந்தக் குழப்பங்களும் அதே கால அளவில் பெருகி அருகுகின்றன என்று 1852இல் வெளியிட்டார். அவ்வாண்டிலேயே திருவனந்தபுரத்தில் திருவிதாங்கூர் மகாராஜாவின் ஆய்வுக்கூடத்தின் பொறுப்பை ஏற்ற ஜான் ஆலன் பிரவுன் என்ற ஸ்காத்லாந்துக்காரர், பொதிகையின் அகத்தியர் மலைச் சிகரத்திலும் துணை ஆய்வுக்கூடம் ஒன்றை நிறுவி, யானைகள் உலவும் அவ்வனத்தின் மத்தியில் காந்த ஊசிகளின் அசைவை இரவும் பகலும் குறிக்கச் செய்தார். பூமியின் கிடைக் காந்த விசையின் நாட்சராசரி உலகெங்கும் ஒருசேர ஏறி இறங்குகிறது என்பதனையும், அவ்வேற்றத்தாழ்வில் சூரியன் தன்னைத்தான் சுற்றும் காலத்தோடு ஒத்த ஏறத்தாழ 26 நாள் முறை ஒன்று உண்டு என்பதனையும் தம் பதிவுகளினின்று அவர் வெளிக்கொணர்ந்தார். இன்று இத்துறையின் சரித்திரத்தை எழுதுவோர் பலரும் பிரவுனை ஒரு வரியில் கடந்துவிடுவது எனக்குப் பெருங்குறையாகவே தோன்றுகிறது. தென்னாட்டு மலையுச்சியில் நிகழ்ந்த அப்பணி, ஐரோப்பியத் தலைநகரங்களில் நிகழ்ந்த எதற்கும் தாழ்ந்ததன்று.

இத்தகைய சான்றுகள் குவிந்த பின்னரும், 1892இல் லண்டன் ராயல் சங்கத்தின் தலைவராயிருந்த கெல்வின் பிரபு, தம் ஆண்டுப் பேருரையில், சூரியனுக்கும் காந்தப் புயல்களுக்கும் இடையே சொல்லப்படும் சம்பந்தம் மெய்யன்று, கால ஒற்றுமை தற்செயலானதே என்று தீர்ப்பளித்தார். அவர் கூறிய நியாயம் எளிதில் தள்ளத்தக்கதன்று. 1885ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் தேதி எட்டு மணி நேரம் நீடித்த, அவ்வளவாகக் கடுமையில்லாத புயல் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதனை உண்டாக்கும் அளவுக்குச் சூரியன் எல்லாத் திக்குகளிலும் காந்த அலைகளை வீசியிருக்குமானால், நான்கு மாத காலத்தில் ஒளியாகவும் வெப்பமாகவும் அது செலவிடும் சக்தி முழுவதையும் அவ்வெட்டு மணி நேரத்தில் செலவிட்டிருக்க வேண்டும் என்று அவர் கணக்கிட்டுக் காட்டினார். கணக்கில் பிழையில்லை. பிழை அக்கணக்கின் அடியில் கிடந்த எண்ணத்தில் இருந்தது: புயலின் சக்தி முழுவதும் சூரியனில் பிறந்து, எல்லாத் திக்கிலும் சமமாகப் பரவி, பூமியை வந்து தாக்குகிறது என்றும், பூமி அதனை வெறுமனே தாங்கி நிற்கிறது என்றும் அவர் கொண்டார். பூமிக்கு இதில் ஒரு தொழில் உண்டு என்பது அந்த மகா மேதைக்கும் தோன்றவில்லை.

அவ்வெண்ணத்தின் முதற்பகுதியை கிரீனிச் ஆய்வுக்கூடத்தின் மாண்டர் 1904இல் தகர்த்தார். 1882 முதல் 1903 வரையிலான புயல்களை வரிசைப்படுத்தி, பூமியிலிருந்து காணும்போது சூரியன் ஒருமுறை சுழலும் காலமாகிய 27 நாட்களுக்கொரு தரம் அவை மீண்டும் வருகின்றன என்று காட்டி, சூரியனிலிருந்து புறப்படுவது எல்லாத் திக்கிலும் பரவும் அலையன்று, குறுகிய தாரையாக ஒரு திசை நோக்கிப் பாய்வது என்று அவர் முடிவு செய்தார். இரண்டாம் பகுதி தகர்வதற்கு மேலும் அரை நூற்றாண்டு தேவைப்பட்டது. யூஜின் பார்க்கர் 1958இல் சூரியக் காற்று இடைவிடாது வீசுகிறது என்று நிறுவியதும், ஜேம்ஸ் டங்கி 1961இல் அக்காற்றோடு வரும் காந்தப் புலத்திற்கும் பூமியின் காந்தப் புலத்திற்கும் நேரும் இணைப்பை விளக்கியதும்தான் கெல்வினுக்கு உரிய விடையாயின.

டங்கியின் விளக்கத்தைச் சற்று விரிவாகக் காண்பது அவசியம். பகல்புறத்தில் சூரியனை எதிர்நோக்கி நிற்கும் பூமியின் காந்தப் புலம் வடக்கு நோக்கியது. சூரியனிலிருந்து வரும் காந்தப் புலமும் வடக்கு நோக்கியதாயின், இரண்டும் ஒன்றையொன்று தள்ளி, வந்த மேகம் பெரும்பாலும் பூமியின் இருபுறமும் வழிந்தோடிவிடும். வருவது தெற்கு நோக்கியதாயின், எதிரெதிரான புலக் கோடுகள் அறுந்து மாறி இணைந்து, சூரியக் காற்றின் சக்தி பூமியின் காந்த மண்டலத்துள் புகுவதற்கு வாயில் திறக்கிறது. புகுந்த சக்தி இராப்புறத்து நீண்ட காந்த வாலில் சேமிக்கப்பட்டு, அங்கிருந்து வெடித்து வெளிப்பட்டு, பூமியைச் சுற்றியோடும் வளைய மின்னோட்டத்தை ஊட்டி, துருவப் பிரதேசங்களில் ஒளியாய் எரிகிறது. ஆதலின் காந்தப் புயல் என்பது, தன்னைக் கடந்து செல்லும் காற்றிலிருந்து பூமி தானே பறித்துக்கொள்ளும் சக்தியின் விளையாட்டாகும். பறிக்கும் அளவை, வருவதன் வேகத்தைக் காட்டிலும் அதன் காந்த திசையே பெரிதும் நிர்ணயிக்கிறது.

இதற்கு 1972ஆம் ஆண்டு ஆகஸ்டு 4ஆம் தேதியைவிடச் சிறந்த பிரமாணம் வேண்டியதில்லை. அன்று வந்த பொருள்வீச்சு சூரியனிலிருந்து பூமிவரை சுமார் 15 கோடி கிலோமீட்டர் தூரத்தை 14.6 மணி நேரத்தில் கடந்தது; பதிவான பயணங்களுள் இதற்கு மிஞ்சிய வேகம் இல்லை. ஆனால் அதன் காந்தப் புலம் பெரிதும் வடக்கு நோக்கியிருந்தமையால் உலகக் குறியீடு −125 நானோடெஸ்லா அளவிலேயே நின்றது. அக்குறியீட்டின் கணக்குப்படி அது மிகச் சாதாரணமான புயல். ஆயினும் அதே நாளில் வட வியட்நாமின் கடற்கரையை ஒட்டி அமெரிக்கக் கடற்படை இட்டிருந்த காந்த உணர்ச்சியுள்ள கண்ணிவெடிகளில் டஜன் கணக்கானவை, கப்பல் எதுவும் அணுகாமலே, அரை நிமிட நேரத்திற்குள் தாமாக வெடித்தன. வேகத்தை அளந்தவர்க்கு அது மகா புயல், குறியீட்டை அளந்தவர்க்குச் சிறு புயல், கண்ணிவெடிகளின் பொறுப்பை ஏற்றிருந்தவர்க்கோ ஓர் ஆயுத முறையையே கைவிடத் தூண்டிய புயல். இம்மூன்றில் எது மெய்யான பரிமாணம் என்று கேட்டால், தனியே நிற்கும் பரிமாணம் என்று ஒன்று இல்லை என்பதே விடை.

இனி, எல்லோராலும் எடுத்துக்காட்டப்படும் 1859ஆம் ஆண்டுப் புயலுக்கு வருவோம். செப்டம்பர் 1ஆம் தேதி முற்பகலில் இங்கிலாந்தின் ரெட்ஹில் என்னுமிடத்தில் சூரியக் களங்கங்களை வரைந்துகொண்டிருந்த ரிச்சர்ட் காரிங்டன், களங்கத் தொகுதி ஒன்றின்மேல் இரண்டு வெண்சுடர்கள் எழுந்து சில நிமிடங்களில் மறைந்ததைக் கண்டார். ஹாட்ஜ்சன் என்பவரும் அதனைத் தனித்துக் கண்டார். பதினேழரை மணி நேரத்திற்குப் பின் பூமியில் புயல் மூண்டது. வெப்ப மண்டலத்து வானிலும் துருவ ஒளி தோன்றியது. பாஸ்டனுக்கும் போர்ட்லண்டுக்கும் இடையே தந்தி ஊழியர்கள் பாட்டரிகளைக் கழற்றிவிட்டு, பூமியிலிருந்து கம்பிகளில் ஏறிய மின்னோட்டத்தைக் கொண்டே இரண்டு மணி நேரம் செய்தி அனுப்பினர். இவையெல்லாம் பலரும் அறிந்தவை. புயலின் அளவைப் பற்றிய விவாதம் முழுவதும் தங்கியிருப்பதோ பம்பாயின் கொலாபா ஆய்வுக்கூடத்துப் பதிவேட்டின்மேல்.

கொலாபாவில் அன்று புகைப்படக் கருவி ஏதும் இல்லை. மணிக்கொரு முறை ஊசியின் நிலையைக் கண்ணால் பார்த்துக் கையால் எழுதிவந்த ஊழியர்கள், குழப்பம் கண்ட உடனே சில நிமிடங்களுக்கு ஒருமுறை எழுதத் தலைப்பட்டனர். அவ்வாறு அவர்கள் விழிப்போடு குறித்து வைத்ததனால்தான், செப்டம்பர் 2ஆம் தேதி உள்ளூர் நேரம் முற்பகலில் கிடைக் காந்த விசை சுமார் 1,600 நானோடெஸ்லா, அதாவது நூற்றில் நான்கு பங்கு அளவு, சரிந்து, விரைவிலேயே பெரும்பகுதி மீண்டும் ஏறியது என்பது நமக்குத் தெரிகிறது. 2003இல் புரூஸ் சுருதானி, குர்பக்ஷ் லாகினா ஆகியோரும் அவர்தம் கூட்டாளிகளும் இப்பதிவை மீண்டும் வெளிக்கொணர்ந்து, சரித்திரம் அறிந்த காந்தப் புயல்களுள் தலையாயது அதுவே என்று வாதித்தனர். 1989ஆம் ஆண்டின் பெரும்புயல் −589 என்ற குறியீட்டைத்தான் எட்டியது என்று பக்கத்தில் எழுதி, 1859இன் புயல் அதனினும் மூன்று மடங்கு என்று கூறுவது அன்று முதல் வழக்கமாகிவிட்டது.

இவ்வொப்பீட்டை நான் ஏற்க இயலாமல் இருக்கிறேன். −589 என்பது ஹொனலுலு, சான் வான், ஹெர்மானஸ், காகியோகா என்ற நான்கு இடங்களின் மணிச் சராசரிகளைக் கூட்டி வகுத்த எண். 1,600 என்பது ஒரே இடத்தில், ஒரே கணத்தில் கண்ட உச்சம். கொலாபாப் பதிவையே மணிச் சராசரியாக்கிப் பார்த்தபோது, ஸிஸ்கோவும் அவர் கூட்டாளிகளும் சுமார் −850 என்ற அளவையே பெற்றனர். அன்றியும், வளைய மின்னோட்டத்தால் விளையும் சரிவு அவ்வளவு விரைவாக மீள்வது அரிது. ஆதலின் அந்த உச்சத்தில் ஒரு பங்கு, பம்பாயின் வானத்திற்கு அண்மையில் அப்போது இறங்கி வந்திருந்த துருவ மண்டல மின்னோட்டங்களால் விளைந்திருக்கலாம் என்று கருதுவோர் உளர். அவர்கள் கருத்து சரியாயின், பம்பாய் அந்த நேரத்தில் பகற்பொழுதில் இருந்தது என்பதும் அவ்வெண்ணை உண்டாக்கியதில் பங்குகொள்கிறது. கொலாபா ஊழியர்களின் பணி இதனால் சிறிதும் குறைவுபடாது. அவர்கள் எழுதியது உண்மை. சூரியனின் வலிமையை மட்டும் அளந்த எண்ணாக அதனை நாம் படிப்பதுதான் தவறு. இதனோடு சேர்த்து நினைக்க வேண்டிய செய்தி ஒன்று: பம்பாயில் மின்சார டிராம் வரப்போகிறது, அதன் மின்னோட்டம் ஊசிகளைக் கெடுத்துவிடும் என்று அஞ்சி, காந்த அளவீட்டை 1904இல் அலிபாகுக்கு மாற்றினார்கள். மனிதனின் கம்பிகளும் காந்த ஊசியும் ஒரே நிலத்தைப் பகிர்ந்துகொள்கின்றன என்பதனை அன்றே அவர்கள் அறிந்திருந்தனர்.

அவ்வறிவைக் கியூபெக் மாகாணம் 1989இல் பெருவிலை கொடுத்துப் பெற்றது. மார்ச் 13ஆம் தேதி பின்னிரவு 2.44 மணிக்கு, ஒன்றரை நிமிட நேரத்திற்குள், அம்மாகாணத்தின் மின்தொகுப்பு முழுவதும் வீழ்ந்து, 60 லட்சம் மக்கள் ஒன்பது மணி நேரம் இருளில் ஆழ்ந்தனர். அதே புயல் அதே வேளையில் வட அமெரிக்காவின் ஏனைய பகுதிகளின்மேலும் வீசியது. நியூ ஜெர்ஸியில் அணுமின் நிலையம் ஒன்றின் பெரிய மின்மாற்றி கெட்டது. ஆனால் அங்கெல்லாம் எத்தொகுப்பும் அவ்வாறு முழுவதும் வீழவில்லை. கியூபெக் வீழ்ந்ததன் காரணத்தைத் தேடுவோர் சூரியனை விட்டு நிலத்தை நோக்க வேண்டும். அம்மாகாணம் அமர்ந்திருப்பது மின்சாரத்தை எளிதில் செல்லவிடாத பழம்பாறையாகிய கனடியக் கேடயத்தின்மேல். காந்தப் புலம் விரைந்து மாறும்போது நிலத்தில் தூண்டப்படும் மின்னோட்டம், பாறை வழிவிடாமையால், மின்மாற்றிகளின் தரையிணைப்பு வழியே ஏறி, ஜேம்ஸ் விரிகுடாவிலிருந்து ஏறத்தாழ ஆயிரம் கிலோமீட்டர் தூரம் ஓடும் 735 கிலோவோல்ட் கம்பிகளுள் புகுந்தது. மாறுதிசை மின்சாரத்திற்கென்று அமைந்த மின்மாற்றியில் ஏறக்குறைய ஒரே திசையில் ஓடும் இம்மின்னோட்டம் நுழைந்தால், அதன் இரும்பு உள்ளகம் ஒவ்வொரு சுற்றின் ஒரு பாதியிலும் காந்தத்தால் தெவிட்டி, மின்னழுத்தத்தின் வடிவத்தைச் சிதைக்கும். அச்சிதைவைக் கண்ட பாதுகாப்புக் கருவிகள், மின்னழுத்தத்தைத் தாங்கி நின்ற ஏழு ஈடுசெய்கருவிகளை ஒன்றன்பின் ஒன்றாகத் துண்டித்தன. காப்பதற்கு வைத்த கருவியே வீழ்ச்சிக்கு வழியாயிற்று. பின்னாளில் நீண்ட கம்பிகளில் தொடர்மின்தேக்கிகளை இணைத்தும், பாதுகாப்புக் கருவிகளின் வரம்பைத் திருத்தியும் அவர்கள் அக்குறையை நீக்கினர். சூரியனில் எதனையும் மாற்றாமல் புயலின் பாதியை அவர்கள் மாற்றிவிட்டார்கள் என்று இதனைச் சொல்லலாம்.

செயற்கைக் கோள்களைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டுவதில்லை. 2022ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் தேதி ஏவப்பட்ட 49 ஸ்டார்லிங்க் கோள்களுள் 38ஐ இழக்கச் செய்த புயல், வழக்கமான தரவரிசையின் கீழ்ப்படிகளைச் சேர்ந்தது. சுமார் 210 கிலோமீட்டர் உயரத்தில், புயலால் வெப்பமுற்றுப் பருத்த காற்று மண்டலத்தின் நடுவே அவற்றை முதலில் விடுவது என்ற முடிவு பூமியில் எடுக்கப்பட்டது. 2024 மே மாதத்துப் புயலோ, இரு பதிற்றாண்டுகளில் காணாத வலிமையோடு வந்து, லடாக்கின் ஹான்லே வரை செந்நிறத் துருவ ஒளியைக் காட்டியும், பெரிய மின்தொகுப்பு எதனையும் வீழ்த்தவில்லை. செயற்கைக்கோள் வழிகாட்டலை நம்பி விதைத்துக்கொண்டிருந்த அமெரிக்க உழவர்களின் இயந்திரங்களே நின்றன.

இவ்வாதத்திற்கு ஓர் ஆட்சேபம் எழும். சூரியன் போதிய வலிமையோடு வீசுமாயின் இந்நுட்பங்கள் யாவும் பயனற்றுப் போகாவோ என்பது அது. 2012 ஜூலை 23ஆம் தேதி சூரியனைவிட்டுப் புறப்பட்டு, பூமியின் பாதையைக் கடந்து, பூமி அங்கில்லாத வேளையில் சென்ற பொருள்வீச்சை, அத்திசையில் நின்ற ஸ்டீரியோ விண்கலம் நேரில் அளந்தது. அது பூமியைத் தாக்கியிருந்தால் குறியீடு −1,000ஐயும் கடந்திருக்கக்கூடும் என்று கணித்தவர்கள் உண்டு. இந்த ஆட்சேபத்தை நான் இலேசாக மதிக்கவில்லை. ஆனால் அக்கணிப்பைச் செய்தவர்களே, பூமியின் அச்சு அந்தப் பருவத்தில் எப்புறம் சாய்ந்திருக்கிறது, வரும் புலத்தோடு அது என்ன கோணம் கொள்கிறது என்பவற்றை மாற்றி மாற்றி இட்டு, ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபட்ட எண்களைப் பெற்றார்கள். வலிமையின் உச்சத்திலும் பூமியின் நிலை கணக்கிலிருந்து நீங்குவதில்லை. அன்றியும், வரும் புலம் வடக்கு நோக்கியதா தெற்கு நோக்கியதா என்பது, பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில் சூரியனை நோக்கி நிற்கும் விண்கலங்களை அது கடக்கும்போதுதான் உறுதியாகத் தெரியும். 2024 ஜனவரி 6 முதல் நம் ஆதித்யா-எல்1 கலமும் தன் காந்தமானியோடு அங்கே நிற்கிறது. அதன்பின் எஞ்சுவது ஒரு மணிக்கும் குறைந்த நேரம். அந்நேரத்திற்குள் செய்யக்கூடியது யாது என்பதனை நிர்ணயிப்பது முன்னமே பூமியில் செய்து வைத்த ஆயத்தம்.

நம் தீபகற்பத்தைப் பற்றிச் சில சொற்கள். தாழ்ந்த அட்சரேகையில் இருக்கிறோம், துருவப் புயல்கள் நம்மை அணுகா என்ற நிம்மதி பரவலாக இருக்கிறது. அதில் உண்மையும் பெரிதுண்டு. ஆனால் துருவத்தினின்று வெகு தூரத்திலுள்ள தென்னாப்பிரிக்காவில், 2003ஆம் ஆண்டுப் புயல்களைத் தொடர்ந்து பெரிய மின்மாற்றிகள் சில கெட்டமைக்கு நிலத்தில் தூண்டப்பட்ட மின்னோட்டமே காரணம் என்று அங்குள்ள பொறியியலார் நிறுவியுள்ளனர். நம் தென்கோடியின் மேல், காந்த பூமத்தியரேகையை ஒட்டிப் பகலில் ஓடும் மின்தாரை உண்டு. தும்பா ராக்கெட் நிலையத்திற்கு இடம் தேர்ந்ததற்கு அதுவே காரணம். புயல் மூளும் கணத்தில் காந்தப் புலத்தில் நேரும் திடீர் மாற்றத்தை அத்தாரை பகல் நேரத்தில் பெருக்கிக் காட்டுகிறது. அதன் கீழுள்ள நிலமோ, கனடியக் கேடயத்தைப் போன்றே, சார்னோகைட்டும் நைஸுமாகிய பழம்பாறை. அப்பாறையின்மேல் ஓடும் தென்மாநிலங்களின் மின்தொகுப்பு, 2013 டிசம்பர் 31ஆம் தேதி ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் கம்பியின் வழியே நாட்டின் பிற தொகுப்போடு ஒன்றாயிற்று. கொடைக்கானலில் 1904 முதல் சூரியனைப் படம் பிடித்து வருகிறோம். திருநெல்வேலியிலும் அலிபாகிலும் காந்தப் புலத்தை இடைவிடாது அளக்கிறோம். சூரியனின் பாதிக்கு இவ்வளவு செய்திருக்கும் நாடு, நிலத்தின் பாதிக்கும் செய்ய வேண்டியது இதுதான்: தென்னிந்தியாவின் பெரிய துணைமின் நிலையங்களில் மின்மாற்றிகளின் தரையிணைப்பு வழியே ஓடும் மின்னோட்டத்தை நிரந்தரமாக அளந்து, அந்த எண்களைத் திருநெல்வேலியின் காந்தப் பதிவுகளோடு நேரத்திற்கு நேரம் ஒத்திட்டு வெளியிட வேண்டும், எந்தப் பாறையின்மேல் நிற்கும் எந்த மின்மாற்றி எத்தகைய காந்த மாற்றத்திற்கு எவ்வளவு மின்னோட்டத்தை ஏற்கிறது என்ற அட்டவணை அதிலிருந்து உருவாகும்.